ரெண்டாம் கட்டத்துல வர்ற பேட்டரி

ரெக்கார்ட் பண்ணிக்கோங்கம்மா, அதப் பத்தி ஒண்ணுமில்ல. ஆனா அந்த கவர்மெண்ட் ஹியரிங்ல வந்து பேசறேன்னு நான் இன்னும் ஒத்துக்கல. அத மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் அந்தம்மா ஒத்துக்கிச்சேன்னு யாரும் எழுதிடக் கூடாது. போன வாரம் வந்த கூட்டம் அப்படித்தான் பண்ணுச்சு. டீயக் குடிச்சுட்டு, நான் தலையாட்டினத எல்லாம் சம்மதம்னு எழுதிட்டுப் போயிடுச்சு. எனக்குத் தலையாட்டற பழக்கம் உண்டு, யாரு என்ன சொன்னாலும் ஆட்டுவேன். எங்க வீட்டுக்காரரு கிண்டல் பண்ணுவாரு, உன் கிட்ட யாராவது கிட்னியக் கேட்டாலும் ஆட்டிடுவ நஜீமான்னு.

உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், ஆடும். சோபாலயே உக்காருங்க.

விஷாகா தான பேரு? நியூ ஜெர்சி, பார்சிப்பனி ஆபீஸ்லேர்ந்து. மொதல்ல ஒரு தம்பி போன் பண்ணாரு, நேர்ல வர்றேன்னு. நான் இத்தால இருக்கேன்பா, வெளி ஆம்பளைங்க யாரையும் பாக்க மாட்டேன்னேன். அவருக்குப் புரியல. புருஷன் மவுத்தாயிட்டா நாலு மாசம் பத்து நாள் பொண்டாட்டி வீட்டோட இருக்கணும், அலங்காரம் கிடையாது, கல்யாணம் காட்சின்னு போறது கிடையாது, அது தான் இத்தான்னு வெளக்கினேன். அதுக்காக ஒரு பொண்ணத் தேடி, அதுவும் தமிழ் பேசற பொண்ணாத் தேடி, ஃப்ளைட்ல ஏத்தி டெக்சாசுக்கு அனுப்பிருக்காங்க. அவரு உசுரோட இருந்தப்ப இந்த அபார்ட்மெண்ட் படிய ஒருத்தர் ஏறல. செத்தப்புறம் அவருக்கு இருக்கற மவுசப் பாருங்க.

கோவமா? உங்க மேல எனக்கென்னம்மா கோவம். நீங்க பொறந்த ஊரு எது, திருச்சியா? நாங்க சென்னை, மண்ணடி. நானும் நியூ ஜெர்சில இருந்தவ தான். மான்மவுத் ஜங்ஷன். எங்க பொண்ணு மஹா அங்க தான் பொறந்தா, பனி கொட்டறப்ப. இப்ப ஸ்கூல் போயிருக்கா. ட்வெல்த்.

நீங்க கேக்கறது எனக்கு நல்லாவே புரியுது. நாட்டுக்கே இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒரு ப்ளான் போடறீங்க. புகையில்லாம, எல்லாருக்கும் சமமா. அதுல மொதல் கட்டம் சொந்த வீடு இருக்கறவங்களுக்கு மாடி மேல சோலார். ரெண்டாம் கட்டத்துல பேட்டரி. மூணாம் கட்டத்துல எங்கள மாதிரி வாடகைக்கு இருக்கறவங்க. எப்படி, கரெக்டா சொல்றேனா? எனக்கு மனப்பாடம்மா. வாஞ்சி வாயால அத்தனை தடவை கேட்டிருக்கேன். இப்ப நீங்க என்ன பண்ணணும்ங்கறீங்க, பேட்டரியயும் வாடகைக்காரங்களையும் மொதல் கட்டத்துக்கே கொண்டு வரணும்ங்கறீங்க. அதுக்கு ஒருத்தி ஹியரிங்ல வந்து, பேரச் சொல்லி, யாரு வீடுன்னு சொல்லி, நடந்தத நடந்தபடி சொல்லணும். அந்த ஒருத்தி நான்.

போன வாரம் வந்தவங்களும் அதே கதையத் தான் கேட்டாங்க. கடைசி வரி மட்டும் வேற. சோலார நம்பினதால தான் என் புருஷன் செத்தாரு, இந்த ப்ளானே வேணாம்னு நான் முடிக்கணுமாம். கரண்ட் வெல ஏறக் கூடாதுன்னு போராடற அமைப்புன்னு சொல்லிக்கிட்டாங்க. அவங்களும் ஒரு லேடியத் தான் அனுப்பிருந்தாங்க. பழக்கூடையோட. அந்தப் பழம் தான் அது, மேசை மேல. எடுத்துக்கோங்க. மஹா தொட மாட்டேங்கறா.

அவங்க கிட்ட என்ன சொன்னேனா? இருங்க, வர்றேன். மொதல்லேர்ந்து சொன்னா தான் உங்களுக்குப் புரியும்.

வாஞ்சிநாதன உங்களுக்கே தெரியும். இங்க பேர்லேண்ட் ஏரியாவுக்கு உங்க கமிட்டில அவரு தான். நாங்க டெக்சாஸ் வந்த புதுசுல ஒரே அபார்ட்மெண்ட்ல மேலயும் கீழயும் இருந்தோம். அவரு சம்சாரம் ருக்மிணி தான் எனக்குக் கார் ஓட்டக் கத்துக் கொடுத்தா. எங்கங்கறீங்க, மீனாட்சி கோயில் பார்க்கிங் லாட்ல. வார நாள்ல காலியாக் கெடக்கும்ல. புர்காவப் போட்டுக்கிட்டு கோயில் வாசல்ல ரிவர்ஸ் எடுத்தவ இந்த ஊர்லயே நான் ஒருத்தியா தான் இருப்பேன். குருக்கள் வந்து பாத்துட்டு, கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாரு.

அப்புறம் அவங்களுக்கு க்ரீன் கார்டு வந்துச்சு. ஆயில் கம்பெனி, பெரிய போஸ்ட், எப்படியோ சீக்கிரம் வந்துடுச்சு. வீடு வாங்கிட்டுப் போனாங்க. நாங்க அபார்ட்மெண்ட் மாத்தி அபார்ட்மெண்ட். விசாவ நீட்டி நீட்டி ஓட்டறவன் எத நம்பிம்மா வீடு வாங்குவான்? எங்க க்யூ அப்படி. எங்களுக்கு முன்னாடி நிக்கறவங்க எல்லாம் போயி எங்க முறை வர்றதுக்குள்ள மஹாவுக்குப் பேரப்புள்ள பொறந்துடும்.

வாஞ்சி நல்ல மனுஷன். பேசினா 2050 தான். பொறந்தநாள் பார்ட்டின்னு போனா கேக் வெட்டறதுக்குள்ள கார்பன் பத்தி ஒரு ரவுண்டு ஓடிடும். கோயில் ஹால்ல மாசா மாசம் மீட்டிங் வெப்பாரு. கூட்டம் சேராது. சனிக்கிழமை புள்ளைங்கள டான்ஸ் க்ளாசுல, மேத்ஸ் க்ளாசுல விட்டுட்டு உக்கார எடமில்லாம வர்ற அப்பாக்காரங்க நாலு பேரு இருப்பாங்க, அவங்களும் போன நோண்டிக்கிட்டு இருப்பாங்க. எங்க வீட்டுக்காரரு மட்டும் மொத வரிசைல உக்காந்து கேப்பாரு. கேட்டுட்டு வாஞ்சிய வம்புக்கிழுப்பாரு. யோவ் வாஞ்சி, உன் ப்ளான் முடியற வருஷமும் எனக்கு க்ரீன் கார்டு வர்ற வருஷமும் ஒண்ணு தான்யா, ரெண்டு பேரும் சேந்து ஒரே ஹால புக் பண்ணிடுவோம், பிரியாணி என் செலவும்பாரு. வாஞ்சிக்குச் சிரிப்பு வராது. அவரு அதையும் சீரியஸா எடுத்துக்கிட்டு, ஜைனு, உன்ன மாதிரி இருக்கறவங்கள எந்தக் கட்டத்துல சேக்கறதுன்னு தான் கமிட்டில பேசிக்கிட்டிருக்கோம்பாரு.

ஜைனுதீன். ஆமா, அவரு பேரு. உங்க பேப்பர்ல ஜெயினுலாப்தீன்னு போட்டிருக்கு. மாத்திடுங்க.

அவருக்கு கோவிட் வந்துட்டுப் போனப்புறம் நுரையீரல் பழுதாயிடுச்சு. சுருங்கிக்கிட்டே வந்துச்சு. வீட்ல ஆக்ஸிஜன் மிஷின் வெச்சுக்கிட்டோம். கரண்ட்ல ஓடற மிஷின்மா, ரூம் காத்த இழுத்து அதுலேர்ந்து ஆக்ஸிஜனப் பிரிச்சுத் தரும். மூக்குல ட்யூபு. ராத்திரி பகல் கொர்ருன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். மொதல்ல எனக்குத் தூக்கமே வராது. இப்ப அந்தச் சத்தம் இல்லாம வர மாட்டேங்குது.

வேலையா? வேலைய எப்படிம்மா விடறது. வேலை இருந்தா தான் விசா, விசா இருந்தா தான் நாங்க. வீட்லேர்ந்தே தான் பாத்தாரு. டெஸ்டிங் லீட். கம்பெனிக்குத் தெரியாது. கேமராவ ஆன் பண்ண மாட்டாரு. பேசறப்ப மட்டும் ட்யூப எடுத்துடுவாரு, மிஷின் சத்தம் கேக்கக் கூடாதுன்னு மிஷின பாத்ரூமுக்குத் தள்ளிக் கதவ சாத்துவேன். பேசி முடிச்சுட்டு ம்யூட் பண்ணிட்டு, மாட்டு மாட்டுன்னு கைய ஆட்டுவாரு. உதடு நீலமாயிடும். நீங்க எழுதறீங்களே ப்ளான், சமமா சமமான்னு, அதுல இதுக்கு ஏதாவது எடம் இருக்கான்னு தெரியல எனக்கு. சரி விடுங்க.

வாஞ்சி மாடில சோலார் போட்டது ரெண்டு வருஷம் முன்னாடி. ப்ளான் பேப்பர்ல இருக்கறப்பயே, மொதல் கட்டத்துக்கு மொத ஆளா. போட்டன்னைக்கு எங்களக் கூப்புட்டு விருந்து வெச்சாங்க. அவங்க வீட்ல ஒரு ஜெனரேட்டர் இருந்துச்சு, இங்க பெரிய பனி அடிச்சப்ப எல்லாரும் ஓடி ஓடி வாங்கினாங்களே, அது மாதிரி பெட்ரோல்ல ஓடறது. அத அன்னைக்கே யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டாரு. ப்ளான் பேசற நானே வீட்ல புகை விட்டா எப்படின்னாரு. கராஜுக்குக் கூட்டிட்டுப் போயி செவுத்தக் காமிச்சாரு. கம்பி எல்லாம் இழுத்து, ஸ்டாண்டு அடிச்சு, காலியா விட்டிருந்துச்சு. இங்க தான் பேட்டரி வரும், ரெண்டாம் கட்டத்துலன்னாரு. ருக்மிணி கேட்டா, இப்பயே போட்டா என்ன, காசா இல்லன்னு. கமிட்டில இருக்கறவன் வரிசைய மீறக் கூடாதுன்னுட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. காசு இருக்கற வீட்லயும் ஒரு மனுஷன் க்யூல நிக்கறானேன்னு. அன்னைக்கு அவரு மேல மரியாதை கூடத் தான் செஞ்சுது எனக்கு.

ஜூலைல புயல் வந்துச்சு. விடியக்காலைல. இந்த ஜன்னலுக்கு வெளிய நின்ன ஓக் மரம் பார்க்கிங்ல நிக்கற கார் மேல படுத்துடுச்சு. கரண்ட் போச்சு. மிஷின் நின்னுச்சு. கீங் கீங்னு கத்த ஆரம்பிச்சுது, அதுக்குள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும் கத்தறதுக்கு மட்டும். ஓட்டறதுக்கு இல்ல. எங்க கிட்ட ஸ்பேர் சிலிண்டர் ஒண்ணு இருந்துச்சு, மத்தியானம் வரைக்கும் தாங்கும். மஹா மாட்டி விட்டா.

நான் ஆஸ்பத்திரின்னேன். அவரு வாஞ்சி வீடுன்னாரு. ஆமாம்மா, அதே நேரத்துல வாஞ்சியும் போன் பண்ணாரு. எங்க வீட்லயும் கரண்ட் இல்ல ஜைனு, ஆனா வெயில் வந்ததும் சோலார்ல ஓட ஆரம்பிச்சுடும், கெளம்பி வாங்கன்னாரு. நான் திரும்பவும் ஆஸ்பத்திரின்னேன். இவரு சொன்னாரு, அட்மிட் பண்ணா ஒரு வாரம் படுக்க வெச்சுடுவான், லீவு லெட்டர்ல நுரையீரல்னு எழுதுவான், கம்பெனி கைக்குப் போகும், அப்புறம் எந்தக் கம்பெனி நமக்கு விசா போடும்? லேப்டாப்ப எடுத்து வெச்சுக்கோ, சாயங்காலம் ஒரு ஆபீஸ் கால் இருக்குன்னாரு. நானும் எடுத்து வெச்சேன். மிஷினு, சிலிண்டரு, லேப்டாப்பு, மஹா, நானு, அவரு. ரோட்ல சிக்னல் ஒண்ணு எரியல. மரத்த சுத்தி சுத்திப் போயி சேந்தோம்.

அவங்க ஹால்ல சோபால படுக்க வெச்சோம். மிஷின ப்ளக்ல மாட்டி வெச்சுட்டு வெயிலுக்குக் காத்திருந்தோம். நீங்க நம்ப மாட்டீங்க, நாங்க சிரிச்சுப் பேசிக்கிட்டு தான் இருந்தோம். ருக்மிணி கேஸ் அடுப்புல உப்புமா கிண்டினா. இவரு, வாஞ்சி, இன்னைக்குத் தான்யா உன் ப்ளான் வேலை செய்யப் போகுது, நான் தான் மொத கஸ்டமர்னாரு.

வெயிலும் வந்துச்சு. பத்து மணிக்கெல்லாம் மேகம் பூரா வெலகி, டெக்சாஸ் ஜூலை வெயில், கண்ணத் தொறக்க முடியல. கரண்ட் வரல. வாஞ்சி கராஜுக்குப் போறாரு, வர்றாரு, ஒரு ஸ்விட்ச ஆஃப் பண்றாரு, ஆன் பண்றாரு. வெளிய போயி மாடியப் பாக்கறாரு. மாடி பூரா தகதகன்னு வெயில் வாங்கிக்கிட்டு நிக்குது. கீழ ஹால்ல ஒரு ஃபேன் சுத்தல. அப்புறம் போன்ல எதையோ படிச்சாரு. படிச்சுட்டு அப்படியே கராஜ்ல உக்காந்துட்டாரு.

என்னன்னா, தெரு லைன்ல கரண்ட் இல்லன்னா மாடில இருக்கற சோலாரும் தானா நின்னுடுமாம். இல்லன்னா வீட்டுக் கரண்ட் வெளிய கம்பிக்குப் போயி, ரிப்பேருக்கு ஏர்றவன அடிச்சுடுமாம். நியாயம் தான. கம்பத்துல ஏர்றவனும் ஒரு தாய் பெத்த புள்ள தான. பேட்டரி இருந்தா வீட்ட மட்டும் தனியாப் பிரிச்சு ஓட்டலாம். வாஞ்சி என்ன நெனச்சிருக்காருன்னா, பேட்டரி ராத்திரிக்குத் தான், பகல்ல வெயில் இருந்தாப் போதும்னு. நாட்டுக்கே கரண்ட் எப்படி வரணும்னு படம் போட்டுக் காமிக்கறவரு. அந்தப் படத்துல எல்லா வீட்லயும் பேட்டரி இருக்கும்மா, நான் பாத்திருக்கேன், பச்சைக் கலர்ல ஒரு பொட்டி. அந்தப் படத்தயே பாத்துப் பாத்து, தன் வீட்லயும் எல்லாம் இருக்கற மாதிரி ஆயிடுச்சு அவருக்கு. சோலார் போட்டப்புறம் அந்தத் தெருவுல ஒரு நாள் கூடக் கரண்ட் போனதில்ல. எப்படித் தெரியும்.

எதிர் வீட்டுல பெரிய ஜெனரேட்டர் இருந்துச்சு. அவங்க பூட்டிட்டு சான் ஆன்டோனியோ போயிட்டாங்க. வாஞ்சி செருப்புக் கூடப் போடாம தெருவுல ஓடினாரு, வீடு வீடா. கடைசில நாலஞ்சு வீடு தள்ளி ஒரு வெள்ளைக்காரப் பெரியவரு, சரி வந்து மாட்டிக்கன்னாராம். எக்ஸ்டென்ஷன் வயரு எட்டல. இன்னொரு வயரத் தேடி, அதுல இன்னொண்ணச் சேத்து, ரோட்டு மேலயே இழுத்துக்கிட்டு வந்தாங்க. ஆம்புலன்சுக்கு மஹா போன் பண்ணிக்கிட்டே இருந்தா. லைன் கெடைச்சுது, வர்றோம்னாங்க, மரம் விழுந்து ரோடு அடைச்சிருக்குன்னாங்க. சிலிண்டர் முள்ளு செவப்புக்கு வந்துடுச்சு. ஹால்ல அடுப்பு மாதிரி அனல். ருக்மிணி ஒரு பக்கம் நானு ஒரு பக்கம் விசிறிக்கிட்டு இருந்தோம், அவ பூஜை ரூம் காலண்டர் அட்டைய வெச்சு விசிறினா. வயரு வாசல் வரைக்கும் வந்தப்ப அவரு மவுத்தாயிட்டாரு. கலிமா சொல்லிக் கொடுத்தேன். உதடு அசைஞ்சுது. சொன்னாருன்னு தான் நான் வெச்சிருக்கேன்.

அழறீங்களா? தண்ணி குடிங்கம்மா. நான் அழுது முடிச்சுட்டேன், அதான் இப்படிப் பேசறேன். ரெக்கார்டிங்க ஆஃப் பண்ணணும்னா பண்ணிக்கோங்க.

சரி. அந்தப் பழக்கூடைக்காரங்க கிட்ட நான் சொன்னது இது தான். சோலார் என் புருஷனக் கொல்லல. மரம் விழுந்ததும் அறுந்தது நீங்க தூக்கிப் புடிக்கற பழைய கரண்ட் கம்பி தான, அது என்ன சோலாரா? அதுக்கு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு, உங்க விசா நெலம எங்களுக்குத் தெரியும், பெரிய வக்கீல் இருக்காரு, எங்களுக்கு வேண்டியவங்க மேல எடத்துல இருக்காங்க, நீங்க இந்த நாட்டுலயே இருக்கறதுக்கு ஏதாவது வழி பண்ணித் தரலாம்னு. தட்டுல வெச்சு நீட்டினாப்புல. ராத்திரி பூரா அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன் உங்க கிட்ட, ஆசையா தான் இருந்துச்சு.

அவரு போனதும் அவரு விசா போச்சு, அவரு விசா போனதும் என்னோடதும் போச்சு. நான் அவரோட ஒட்டிக்கிட்டு வந்தவ தான. பள்ளிவாசல்ல தெரிஞ்ச ஒரு வக்கீல் விசிட்டர் விசாவுக்கு மாத்தி அப்ளை பண்ணி வெச்சிருக்காரு. இத்தா முடியற வரைக்கும் தாங்கும்னாரு. மார்க்கம் வீட்ட விட்டு வெளிய போகாதங்குது, கவர்மெண்ட் நாட்ட விட்டு வெளிய போங்குது. நடுவுல நான் உக்காந்திருக்கேன், வெள்ளைத் துணியப் போட்டுக்கிட்டு.

ஆமா, முடியப் போகுது. வர்ற வாரம். தெரியும், ஹியரிங் டிசம்பர்ல தான். இத்தாவ நான் சாக்காச் சொல்லல.

இங்கிலீஷா? அதுவும் ஒரு காரணம்னு வெச்சுக்கோங்க. தமிழ்லயே பேசலாமா. ட்ரான்ஸ்லேட் பண்ண ஆள் வெப்பீங்களா. எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கீங்க. உங்கள அனுப்பினவங்களுக்கு ஆளத் தெரிஞ்சிருக்கு.

சென்னைலேர்ந்தே வீடியோல பேசலாமா. அதுவும் முடியுமா. டிக்கெட் போட்டாச்சு, இத்தா முடிஞ்ச மூணாம் நாள் கெளம்பறேன். அண்ணன் வீட்ல ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்காங்க. அவரு இங்கயே தான், ஊருக்கு வெளிய நம்ம கபர்ஸ்தான்ல. அவருக்கு இனிமே விசா தேவையில்ல.

வீடு யாருதுன்னு சொல்லாமப் பேசினா என்னங்கறேன் நான். ஒரு வீடு, ஒரு எஞ்சினியருன்னு. செல்லாதா? பேரு இல்லன்னா எதிர்ப்பக்கம் கட்டுக்கதைம்பாங்களா. அதுவும் சரி தான். அவங்க சொல்லுவாங்க.

வாஞ்சியே ஒத்துக்கிட்டாரா. என் பேரப் போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டாரா. சொல்லுவாரும்மா. அவரு இப்ப யாராவது தூக்குல போடறேன்னாலும் சரிம்பாரு. கமிட்டிய விட்டு வெலகிட்டாரு, அது உங்களுக்குத் தெரியும். ருக்மிணி வாரா வாரம் சாப்பாடு கொண்டாந்து கொடுப்பா, அவரு கீழ கார்லயே உக்காந்திருப்பாரு. இத்தான்னு மட்டும் இல்ல. மேல பாக்கவே மாட்டாரு. நான் ஜன்னல் வழியாப் பாப்பேன், ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, நின்ன வண்டில. எனக்கு அந்த மனுஷன் மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய். இருக்கு. சில நாள் எந்திரிக்கறப்பயே இருக்கும். ஆனா அவரு செருப்பில்லாம ஓடினதும் நான் பாத்தது தான. கால் பூரா கொப்புளம்.

அவரு பேரு அங்க வந்தா என்னாகும், நீங்களே சொல்லுங்க. பழக்கூடைக்காரங்க சும்மா விடுவாங்களா. சோலார் போட்ட கமிட்டிக்காரன் வீட்லயே ஆள் செத்தான்னு டிவில ஓடும். வாசல்ல கேமரா நிக்கும். கம்பெனி அவர வெச்சுக்குமா, ஆயில் கம்பெனிம்மா, இத்தன நாள் பொறுத்துக்கிட்டதே பெருசு. வேலை போகும். வீட்டு லோன் இருக்கு.

உங்களுக்கு எதுக்கு அவரு மேல அவ்வளவு அக்கறைங்கறீங்க. நியாயமான கேள்வி தான். இந்த அபார்ட்மெண்ட்லயே, கீழ் வீட்ல, ஒரு கிழவரு ஆக்ஸிஜன் மிஷின் வெச்சுக்கிட்டு இருக்காரு, மெக்சிகோக்காரரு. நான் பேசினா அவருக்கு அடுத்த வருஷமே பேட்டரி கெடைக்கலாம்னு நீங்க சொல்றது எனக்கு உறைக்காம இல்ல. நைட்டு அவரு இருமறது கேக்கும். நான் பேசலன்னா அவரு மூணாம் கட்டம். தெரிஞ்சு தான் சொல்றேன், என்னால முடியாது. அவங்களுக்காகவும் பேசல, உங்களுக்காகவும் பேசல.

மஹா என் கூட வரல.

அவ இங்க பொறந்தவ, அவளுக்கு யாரும் போன்னு சொல்ல முடியாது. ஸ்கூல் முடிய ஆறு மாசம் இருக்கு, அப்புறம் காலேஜு. இருபத்தொரு வயசானா அம்மாவ அவளே கூப்புட்டுக்கலாமாம், வக்கீல் சொன்னாரு. அது வரைக்கும் அவ இருக்கணும்ல எங்கயாவது. ருக்மிணி வீட்ல தான் விடறேன். அவ பையன் கிரீஷ் ஆஸ்டின்ல படிக்கறான், அவன் ரூம் சும்மா தான் இருக்கு. நான் கேக்கல. ருக்மிணி தான் கேட்டா, நஜீ, மஹாவ எங்களுக்குக் கொடுன்னு, இப்ப நீங்க இருக்கற சோபாலயே உக்காந்துக்கிட்டு. நான் மைக்ல வாஞ்சி பேரச் சொல்லிட்டு, அந்த வாசல்ல எப்படிம்மா என் பொண்ண எறக்கி விடறது?

எங்க அண்ணன் போன்ல கத்தறாரு. புருஷன் செத்த வீட்லயா பொண்ண விடுவ, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சான்னு. எனக்கும் அந்த ஹாலு கண்ணுக்குள்ளயே தான் நிக்குது. சரி, அவளையே கேப்போம்னு நேத்து கேட்டேன். வேணாம்னா சொல்லு, சுகர்லேண்ட்ல பள்ளிவாசல் ஆளுங்க யாரையாவது பாக்கலாம், உனக்கு அந்த வீட்ல தூக்கம் வருமான்னு. போன்லேர்ந்து தலையக் கூடத் தூக்கல. இங்கிலீஷ்ல தான் சொன்னா. அவங்க வீட்ல இப்ப பேட்டரி மாட்டியாச்சும்மா, அப்படின்னா. நானும் சரின்னுட்டேன்.